திருகோணமலையிலிருந்து ஒரே நாளில் இந்தியா போய்க் கூறை எடுத்து வரலாமா?

உவர்மலை:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்குத் தை மாதம் கலியாணம். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார், அதனால கூறை, அதாவது பொம்பிளை உடுக்கிற கலியாணச் சாறி, எங்கட பொறுப்பு. மருமகளுக்கு அசல் காஞ்சிபுரம் ஒண்டு இந்தியாவில எடுக்கவேணும் எண்டு அம்மாவுக்குப் பெரிய ஆசை. அம்மாவுக்குக் கிழமையில ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில ரத்தச் சுத்திகரிப்பு நடக்குது. இரவில அவவைத் தனிய விட ஏலாது. தம்பி கட்டாரில, கலியாணத்துக்குக் கிட்டத்தான் வருவான்.

பேஸ்புக்கைத் திறந்தா "ஒரே நாளில் சென்னை, காலை போய் இரவு வீடு" எண்டு விளம்பரம் வந்துகொண்டே இருக்கு. திருகோணமலையில இருக்கிற எனக்கு இது சரிவருமா? எடுக்கவேண்டியது கூறை, இரண்டாவது சாறி, மச்சாள்மாருக்குச் சாறி, தம்பிக்குப் பட்டு வேட்டி சால்வை, குத்துவிளக்கு ஒரு சோடி. போய் வந்த ஆக்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

சல்லிக் கடற்கரை:
தங்கச்சி, அந்த விளம்பரத்தில வாற "ஒரே நாள்" கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தில தொடங்கி அங்கயே முடியிற நாள். உங்களுக்கு நாள் தொடங்கிறது உவர்மலையில. எங்கட பஸ் ஸ்டாண்டில இருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி விமான நிலையம் போய்ச் சேர அஞ்சாறு மணித்தியாலம் பிடிக்கும். விடியப்புற விமானம் எண்டால் முதல் நாள் பின்னேரமே வெளிக்கிடவேணும். இரவு வந்து இறங்கினா அடுத்த நாள் விடியத்தான் வீட்டு வாசல். ஒரு பகல் கடைக்காக ரெண்டு இரவு வெளியில. அம்மாவோட நிலைமைக்கு இதைத்தான் முதல்ல யோசிக்கவேணும்.

யாழ்ப்பாணப் பக்கம் பாத்தாலும் அதே கதைதான். பலாலி 2019 ஒக்டோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்தது. 2024 செப்டெம்பரில இண்டிகோ சென்னைக்குத் தொடங்கினது, 2025 மார்ச் கடைசியில திருச்சிக்கும் விட்டது. சின்ன ஏடிஆர் விமானம், திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான் ஓட்டம். ஆனா விமானம் அங்கயிருந்து வந்து, இங்கத்தை ஆக்களை ஏத்திக்கொண்டு அங்கயே திரும்புது. நீங்கள் போனால் குறைஞ்சது ஒரு இரவு அங்க நிக்கத்தான் வேணும்.

கப்பலும் அப்பிடித்தான். 2023 ஒக்டோபர் 14 நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில தொடங்கி, சில நாளிலயே நிண்டுபோய், 2024 ஓகஸ்ட் 16 'சிவகங்கை' எண்ட கப்பலோட திரும்பத் தொடங்கினது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணித்தியாலக் கணக்கு. காலமை நாகையில வெளிக்கிட்டு வந்து, மத்தியானத்துக்குப் பிறகு காங்கேசன்துறையில இருந்து திரும்பும். நாங்கள் போய் இறங்கேக்க அங்க பொழுது சாய்ஞ்சிருக்கும்.

சிங்கப்பூரில இருக்கிற எங்கட ஆக்கள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு இராச்சாப்பாட்டுக்கு வீடு வந்திடுவினம். அது ஒரு கிலோமீட்டர் பாலம். எங்களுக்கு நடுவில இருக்கிறது கடல். இந்த வித்தியாசத்தை விளம்பரக்காரர் சொல்லமாட்டினம்.

ஆலங்கேணி அக்கா:
சல்லித் தம்பி சொன்ன நேரக் கணக்குச் சரி. ஆனாலும் நான் மகளின்ர கூறைக்கு அப்பிடி ஒரே பகலில சென்னை போய் வந்தனான், அதால சொல்லுறன்.

காலமை இறங்கிக் குடிவரவு முடிச்சு வெளியில வந்தாலும் தி. நகரில பெரிய கடைகள் திறக்க 9, 10 மணி ஆகும். விமான நிலையத்துக்கு முன்னால திரிசூலம் ஸ்டேஷன் இருக்கு. அங்க மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில இறங்கினா ரங்கநாதன் தெரு வாசலிலயே நிப்பீங்கள். 2023 மே மாதத்தில மாம்பலம் ஸ்டேஷனில இருந்து தி. நகர் பஸ் நிலையம் வரைக்கும் மேல்நடைபாதை கட்டித் திறந்திட்டினம், கீழ சனத்துக்குள்ள நெருக்குப்படாமல் நடக்கலாம். திரும்பிற விமானத்துக்கு மூண்டு மணித்தியாலம் முந்தி விமான நிலையத்தில நிக்கவேணும். இதெல்லாம் கழிச்சா கடைக்கு மிஞ்சிறது ஆறு, ஏழு மணித்தியாலம்.

அந்த நேரத்தில கூறை ஒண்டை நிம்மதியா எடுக்கலாம். நீங்கள் சொன்ன முழு லிஸ்டும் ஏலாது பிள்ளை. சாறிக் கடையில பாயில இருத்தி ஒண்டுக்கு மேல ஒண்டாய் விரிச்சுக்கொண்டே போவினம். கொஞ்ச நேரத்தில எல்லாம் ஒரே சிவப்பாத்தான் தெரியும். அப்ப எழும்பி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து திரும்பப் பாக்கவேணும். அதுக்கும் நேரம் வேணும்தானே. மிச்சச் சாறிகளுக்கு எனக்கு அந்த நேரம் கிடைக்கேல்ல.

முக்கியமான ஒண்டு: பிடிச்ச சாறியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில பாருங்கோ. கடை லைற்றில அரக்கு வேற, வெயிலில அரக்கு வேற. மருமகளின்ர படம் ஒண்டு வெயிலில எடுத்ததாக் கொண்டுபோங்கோ, ஸ்டூடியோப் படம் வேண்டாம். தூய பட்டு எண்டதுக்கு அடையாளமான சில்க் மார்க் சீட்டு ஒட்டியிருக்கா எண்டு பாத்து, பில்லில "தூய பட்டு" எண்டு எழுதி வாங்குங்கோ. ஆசையாப் பேசுற விற்பனையாளர் சொல்லுக்கு மேல அந்தச் சீட்டை நம்பலாம்.

நிலாவெளி விடுதி:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்தியாவில் மலிவு என்ற எண்ணத்தை ஒருமுறை தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். விசாக் கட்டணம், விமான ரிக்கற், கட்டுநாயக்க வரை வான் அல்லது பஸ், இரண்டு நேரச் சாப்பாடு, துணைக்கு ஒருவர் வந்தால் எல்லாமே இரட்டிப்பு. ஒரு கூறைக்கும் நாலைந்து சாறிக்கும் இந்தச் செலவைப் பிரித்துப் போட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் எடுக்கும் விலைக்கே வந்து நிற்கும். இருபது முப்பது சாறி எடுக்கும் பெரிய குடும்பத்துக்குத்தான் லாபம் கையில் தெரியும். யாழ்ப்பாணத்திலும் காஞ்சிபுரம் பட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவைப் பார்க்க ஆள் தேடி அலைவதை விட, வெள்ளவத்தைக்குப் போய் வருவது பெரிய நிம்மதி.

கும்புறுப்பிட்டி:
நிலாவெளி அண்ணை, காசுக் கணக்கு நீங்கள் சொன்னது சரிதான். ஆனா கூறையை வெறும் காசுக் கணக்கில பாக்க எனக்கு மனம் வராது. நான் வளந்தது திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில. அப்பா கூலி வேலை செய்த கடைத்தெருவில, அக்காவின்ர கலியாணத்துக்கு அம்மா கடையேறி இறங்கி ஒரு கூறை எடுத்தவ. ஊர் திரும்பி இத்தனை வருசத்துக்குப் பிறகும் அக்கா அதைப் பெட்டியில வைச்சிருக்கிறா. நூறு சாறிக்கு நடுவில இருந்து மருமகளுக்கு எண்டு ஒண்டைத் தேடி எடுக்கிறதில ஒரு தாய்க்கு இருக்கிற சந்தோசத்தை வெள்ளவத்தை விலையோட ஒப்பிட ஏலாது. அதுவும் சுகமில்லாமல் இருக்கிற தாய். அந்த ஆசைக்கு வழி பாப்பம்.

உவர்மலை தங்கச்சிக்கு என்ர யோசனை திருச்சி. கூறைக்கு ஆக்கள் நினைக்கிற அளவுக்குச் சென்னை கட்டாயமில்லை. விமான நிலையம் ஊரோட ஒட்டினது மாதிரி, நகரத்துக்குள்ள போகக் கொஞ்ச நேரம்தான். மலைக்கோட்டைக்குக் கீழ என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, தெப்பக்குளம் எல்லாம் நடந்து முடிக்கிற தூரம். பட்டுக்கடை, பாத்திரக்கடை, ஃபேன்சிக் கடை, நகைக்கடை எல்லாம் பக்கத்தில பக்கத்தில. தி. நகரில ஒரு பகலில முடியாதது அங்க முடியும். காஞ்சிபுரமும் வைச்சிருக்கிறாங்கள், கும்பகோணத்துக்குப் பக்கத்தில நெய்யிற திருபுவனம் பட்டும் இருக்கு. தமிழ்நாட்டு நெசவாளர் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ. பேரம் பேசத் தெரியாத ஆளுக்கு அது நல்லம்.

மூதூரான்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் புடவை வியாபாரம், இந்தப் போக்குவரத்து என்ட தொழில். சாமான் எடுக்கிற கதை எல்லாரும் சொல்லிட்டாங்க. சாமானைக் கொண்டு வாற கதையை நான் சொல்றன்.

நம்மட சுங்கத்தில தீர்வையில்லாமல் கொண்டு வாற அளவு, நீங்க வெளிநாட்டில நிண்ட நாளைப் பொறுத்தது. 90 நாளுக்குக் குறைவு, 90 இலிருந்து 365 வரைக்கும், அதுக்கு மேல எண்டு பிரிச்சு வெச்சிருக்கு. ஒரு நாள், ரெண்டு நாள் போய் வாற ஆக்களுக்கு ஆகக் குறைஞ்ச அளவுதான். கலியாண வீட்டுச் சாறி எண்டு சொன்னா விளங்கிக் கொள்ளுவாங்க, ஆனா ஒரே மாதிரிச் சாறி டசன் கணக்கில இருந்தா வியாபாரச் சாமான் எண்டுதான் பார்ப்பாங்க. மச்சாள்மாருக்கு எடுக்கிறதை நிறம், டிசைன் மாத்தி எடுங்க. பில் எல்லாத்தையும் சாமானோட இல்லாமல் கைப்பையில வைங்க. அளவுக்கு மேல எண்டு தெரிஞ்சா நீங்களே சிவப்பு வழியால போய்ச் சொல்லுங்க, பச்சை வழியால போய்ப் பிடிபட்டா அபராதமும் சேரும். நகை அங்க வாங்க வேண்டாம் தங்கச்சி. தாலிக்கொடியைக் கொழும்புச் செட்டியார் தெருவிலயோ நம்மட ஊர்ப் பத்தரிட்டயோ செய்யுங்க. இந்தச் சின்னப் பயணத்தில தங்கத்தைச் சேர்த்துத் தலையிடி எடுக்கத் தேவையில்ல.

காசு: இந்திய ரூபாய் 25,000 க்கு மேல கையில கொண்டு போகவும் ஏலாது, கொண்டு வரவும் ஏலாது. மிச்சத்தை டொலரா வெச்சு அங்க மாத்துங்க. வீட்டில பழைய பயணத்தில மிஞ்சின தாள் இருந்தா பார்த்து எடுங்க. 2016 நவம்பரில பழைய 500, 1000 செல்லாமல் போயிட்டு. 2023 மே மாதத்தில 2000 தாளைப் புழக்கத்தில இருந்து எடுக்கத் தொடங்கிட்டாங்க, கடைக்காரன் வாங்க மாட்டான்.

விசா: இலங்கை ஆக்களுக்கு ஈ-விசா இருக்கு. பயணத்துக்கு ஆகக் குறைஞ்சது 4 நாள் முந்தி விண்ணப்பிக்கணும், நான் எண்டா ரெண்டு கிழமை முந்திப் போடுவன். இந்திய அரசின்ட தளத்தில மட்டும் போடுங்க, அதே மாதிரித் தோற்றத்தில தரகர் தளங்கள் நிறைய இருக்கு. ஈ-விசாவோட குறிப்பிட்ட விமான நிலையம், துறைமுகத்தால மட்டும்தான் உள்ள போகலாம். சென்னையும் திருச்சியும் அந்தப் பட்டியலில இருக்கு. கப்பலால போற ஆக்கள் ரிக்கற் எடுக்க முந்தி அந்தப் பட்டியலைப் பார்க்கணும். பாஸ்போர்ட்டில ஆறு மாசம் மிச்சம் இருக்கணும். புதுசா எடுக்கிறதெண்டா பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரைக்கும் அலையாம வவுனியா அலுவலகம் நமக்குக் கிட்ட.

லிங்கநகர் தையல்:
உவர்மலைப் பிள்ளை, நான் தைக்கிற ஆள். கூறை வந்தாப் பிறகு நடக்கிற வேலையை ஒருத்தரும் சொல்லேல்ல. முந்தானைக்குக் குஞ்சம் கட்டவேணும், ஃபோல்ஸ் அடிக்கவேணும், சட்டைத்துணி வெட்டித் தைக்கவேணும், ஆரி வேலை போடுறதெண்டால் அதுக்கும் கன நாள். தை மாதம் எண்டால் மார்கழியில என்ர வீட்டில தலைக்கு மேல வேலை இருக்கும், ஊரில மற்றத் தையல்காரருக்கும் அப்பிடித்தான். ஆகப் பிந்திக் கார்த்திகை நடுவில சாறி கையில இருக்கவேணும்.

அங்கயே சட்டை தைச்சுத் தாறம் எண்டு கடையில சொல்லுவினம். பொம்பிளையின்ர உடம்பு அங்க இல்லாமல் அளவுச் சட்டையை வைச்சுக் கூறைச்சட்டை தைக்கிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கலியாணத்தண்டு காலமை கை ஏறாமல் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறன். சாறியோட வாற சட்டைத்துணியை வெட்டாமல் அப்பிடியே கொண்டு வாங்கோ. பொம்பிளையை என்னட்ட இல்லாட்டியும் ஆரிட்டயாவது கூட்டிக்கொண்டு போய், உடம்பில அளவெடுத்துத் தைப்பியுங்கோ.

மச்சாள்மாரின்ர சாறிக்கு இந்தியா வேண்டாம். எங்கட ஊரில, மத்திய வீதிப் பக்கம் கடை வைச்சிருக்கிற ஆக்களும் கலியாணக் காலத்தை நம்பித்தான் முதல் போடுகினம். கூறைக்கு அங்க போங்கோ, அதில ஒரு நியாயம் இருக்கு. மிச்சத்தை இங்க எடுத்தால், நிறம் பிடிக்காட்டி அடுத்த நாள் கொண்டுபோய் மாத்தலாம். திருச்சியில எடுத்ததைக் கொண்டுபோய் மாத்துவீங்களோ?

உவர்மலை:
இவ்வளவு விபரம் கிடைக்கும் எண்டு நினைக்கேல்ல, எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுதையும் வாசிச்சுக் காட்டினன். கும்புறுப்பிட்டி அண்ணை எழுதினதைத் திரும்ப ஒருக்கா வாசி எண்டவ.

ஒண்டு விளங்குது, "ஒரே நாள்" எனக்கு இல்லை. அப்பிடியெண்டால் நான் போகத்தான் வேணுமா எண்டு யோசிக்கிறன். பெரியம்மா போக ஓம் எண்டிட்டா. மருமகளாப் போற பிள்ளையும் அவவின்ர அம்மாவும் பெரியம்மாவோட சேர்ந்து போனா எப்பிடி? நான் இங்க அம்மாவோட இருந்து வீடியோவில பாக்கலாம். ஆனா பொம்பிளையே போய்த் தன்ர கூறையை எடுக்கிறது சரியா எண்டு மாமி ஒராள் கேக்கிறா. அதோட கப்பலில போனால் சாமான் கூடக் கொண்டு வரலாம் எண்டும் சொல்லுகினம்.

ஆலங்கேணி அக்கா:
பொம்பிளை போறதில என்ன பிழை? உடுக்கப் போறது அந்தப் பிள்ளைதானே. தோளில போட்டுக் கண்ணாடியில பாத்து எடுக்கிற மாதிரி எந்தப் படத்தை வைச்சும் எடுக்க ஏலாது. காசு குடுக்கிறது மாப்பிள்ளை வீடு, அது மாறேல்ல. பெரியம்மா கையால குடுத்து வாங்கினால் முறையும் சரி. நாள் பாத்து, முதலாவதாக் கூறையை எடுத்திட்டுப் பிறகு மற்றதுகளைத் தொடச் சொல்லுங்கோ. அந்த மாமிக்கும் மனம் ஆறும்.

வீடியோவுக்கு ஒரு ஒழுங்கு வையுங்கோ. அம்மாவுக்குச் சிகிச்சை இல்லாத நாளாப் பாத்துக் கடைக்குப் போகச் சொல்லுங்கோ. சிகிச்சை முடிஞ்ச அண்டைக்கு அவ களைச்சுப் போயிருப்பா. எல்லாச் சாறியையும் காட்டவேண்டாம். அவையள் மூண்டு நாலாக் குறைச்ச பிறகு, வாசல் வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டட்டும். கடைசிச் சொல்லை அம்மா சொல்லட்டும்.

சல்லிக் கடற்கரை:
கப்பலைப் பற்றி: தைக் கலியாணத்துக்குக் கப்பலை நம்பாதையுங்கோ. ஐப்பசி கடைசியில வாடைக்காத்துத் தொடங்கினால் கடல் எப்பிடி எண்டு எங்களுக்குச் சொல்லித்தர ஆர் வேணும்? 2024 நவம்பரில நிப்பாட்டின சேவை திரும்பத் தொடங்கினது 2025 பெப்ரவரியில. நீங்கள் சாமான் எடுக்கவேண்டிய மாதங்கள் அப்பிடியே அதுக்குள்ள விழுது. ஆவணிக் கலியாணம் எண்டால் கப்பலில போங்கோ எண்டு நானே சொல்லியிருப்பன். நாகையில இறங்கினா ஒரு பக்கம் நாகூர், மற்றப் பக்கம் வேளாங்கண்ணி, ரெண்டும் கிட்ட. எங்கட ஊரில மூண்டு சமயத்து ஆக்களுக்கும் நேர்த்தி இருக்கிற பக்கம் அது.

2023இல சென்னையில இருந்து வந்த சொகுசுக் கப்பல் எங்கட துறைமுகத்துக்குள்ள வந்து நிண்டதைப் பாத்தம்தானே. அவ்வளவு பெரிய கப்பல் நிக்கிற ஆழமான இயற்கைத் துறைமுகத்தை வைச்சுக்கொண்டு, நாங்கள் காங்கேசன்துறை வரைக்கும் போய்க் கப்பல் ஏறவேண்டியிருக்கு. திருகோணமலையில இருந்து நேரா ஒரு பயணிகள் சேவை வேணும் எண்டு நாங்கள் விடாமல் கேக்கவேணும்.

கும்புறுப்பிட்டி:
பொம்பிளையும் போறது நல்ல முடிவு. தீபாவளிக்கு முதல் போகாதேங்கோ. என்.எஸ்.பி. ரோட்டில கால் வைக்க இடமிருக்காது, கடைக்காரருக்கும் விரிச்சுக் காட்டப் பொறுமை இருக்காது. தீபாவளி முடிஞ்சு ஒரு கிழமை கழிச்சு, வார நாளில போகச் சொல்லுங்கோ. ஆடித் தள்ளுபடியை நினைச்சுக் கவலைப்படத் தேவையில்லை, நல்ல கூறைப்பட்டுக்குத் தள்ளுபடி பெரிசா வராது.

திருகோணமலையில விடிய வெளிக்கிட்டு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியா யாழ்ப்பாணம் போகலாம், ஆனா பஸ்ஸை நம்பிப் பலாலி விமானத்துக்கு ஓடவேண்டாம். முதல் நாளே போய்த் தெரிஞ்ச ஆக்கள் வீட்டில நிக்கட்டும். திருச்சியில ரெண்டு இரவு போடுங்கோ. சத்திரம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட அறை எடுத்தால் கடைத்தெருவுக்கு நடந்து போகலாம், சாமானை அறையில வைச்சிட்டுத் திரும்பிப் போகலாம். பெரியம்மாவுக்கு மலைக்கோட்டை படி ஏற முடியாட்டியும் கீழ மாணிக்க விநாயகரைக் கும்பிட்டிட்டு வரட்டும்.

உவர்மலை:
பெரியம்மா, மருமகள், அவவின்ர அம்மா மூண்டு பேரும் தீபாவளிக்குப் பிறகு பலாலியால திருச்சி போகினம். கூறை, இரண்டாவது சாறி, தம்பியின்ர வேட்டி சால்வை மட்டும். மச்சாள்மாரின்ர சாறி இங்க. பெரியம்மாவின்ர பாஸ்போர்ட்டில மூண்டு மாசம்தான் மிச்சம், அதால நாளைக்கு வவுனியா போறம். குத்துவிளக்கைப் பற்றி மட்டும் ஒருத்தரும் சொல்லேல்ல. அம்மா அதையும் அங்க எடுக்கச் சொல்லுறா.

மூதூரான்:
குத்துவிளக்குக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில நாச்சியார்கோவில்தான் பேர்போன ஊர். திருச்சிப் பாத்திரக்கடையிலயும் பித்தளை விளக்கு இருக்கு. ஆனா ஒரு சோடி நல்ல விளக்கு எடுத்தா ரிக்கற்றில தாற எடையில பெரும்பங்கு அதுக்கே போயிடும், அளவுக்குக் கூடின எடைக்கு விமான நிலையத்தில கட்டிற காசு விளக்கு விலையைத் தொட்டிடும். அம்மாக்கு ஆசை எண்டா ஒரு அடிக்குள்ள சின்னதா, தண்டு வேற, தட்டு வேற கழட்டக் கூடியதாப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க. கழட்டி, வேட்டிக்குள்ள சுத்தி, பெரிய பெட்டியில போடணும். கைப்பையில வெச்சா பாதுகாப்புச் சோதனையில மறிப்பாங்க.

லிங்கநகர் தையல்:
வேட்டிக்குள்ள சுத்துங்கோ, கூறைக்குள்ள சுத்திப்போடாதேங்கோ. பித்தளைக் கறை பட்டுச் சரிகையில ஏறினால் எடுக்க ஏலாது. அந்த வேட்டியும் தம்பியின்ர பட்டு வேட்டியா இருக்கக்கூடாது, பெரியம்மாவின்ர பழைய பருத்திச் சேலை ஒண்டைக் கையோட குடுத்துவிடுங்கோ.